மணல் இறங்காத வருசம்

அந்த வருசம் ஐப்பசி முதல் வெள்ளம் சத்தமில்லாமல் வந்தது.

ஆத்துமேட்டுக்காரர்கள் வெள்ளத்தைக் காதால் அறிந்தவர்கள். மலையில் மழை இறங்கினால் தண்ணீருக்கு முன்னால் சத்தம் வந்துவிடும். மணலும் சரளையும் ஒன்றோடொன்று அரைபட்டு, ஊர்ப் பொம்பளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திருகை சுற்றுகிற மாதிரி இருக்கும். அது காதில் விழுந்ததும் ஓடைக்குள் மேய்கிற மாட்டை மேட்டுக்கு விரட்டுவார்கள். துவைக்கப் போனவள் ஈரச்சேலையைச் சுருட்டிக்கொண்டு கரையேறிவிடுவாள். அதற்குப் பிறகு வெற்றிலை போட்டுத் துப்பி முடிக்கிற நேரம் கழித்துத்தான் செந்தண்ணீர் தலை காட்டும்.

இந்தத் தடவை கோட்டைச்சாமி பல் விளக்க வேப்பங்குச்சியை ஒடித்துக்கொண்டு கரைக்குப் போனால், ஓடை நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. ஆள் முங்குகிற ஆழம். ஆனால் கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவு. அடியில் கிடக்கிற கூழாங்கல்லின் வரிகூடத் தெரிந்தது. பக்கத்து வீட்டு அமாவாசையின் வெள்ளாடு ஒன்று கண்ணைத் திறந்தபடி அந்தத் தண்ணீருக்குள் புரண்டு புரண்டு போனது. சத்தம் கேட்டிருந்தால் ஆடு கரையேறியிருக்கும். ஆட்டுக்கும் காதுதானே.

அவன் குச்சியைக் கடிக்க மறந்து நின்றான். அத்தனை தண்ணீர் போகிறது, பக்கத்துத் தோட்டத்தில் காக்கை கத்துவது தெளிவாகக் கேட்கிறது.

மறுநாள் தண்ணீர் வடிந்தது. உச்சி வெயிலில், காற்றுகூட அசையாத நேரத்தில், தொப்பென்று கரை விழுந்தது. அதற்கடுத்த நாளும் அதே உச்சி நேரம். ஈரம் குடித்த கரை, கீழே பிடிமானம் இல்லாமல், ரொட்டியைப் பிய்த்த மாதிரிப் பிய்ந்து பிய்ந்து விழுந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் ஓடை ஒரு எட்டு வைத்துக் கோட்டைச்சாமியின் வீட்டுப் பக்கம் வந்தது. வீட்டுக்கும் ஓடைக்கும் நடுவில் மொச்சை போட்டிருந்த கொஞ்சத் தோட்டமும், கரையோரம் ஒரு ஒத்தையடிப் பாதையும், பாதையில் ஒரு சுமைதாங்கிக் கல்லும் இருந்தன.

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கோட்டைச்சாமியின் மூத்த சம்சாரம் இருளம்மாள் நிறைமாதத்தில், வயிற்றுப் பிள்ளையோடு காய்ச்சலில் செத்துப்போனாள். இறக்கி வைக்காத சுமையோடு போனவளுக்கு ஊரில் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். இரண்டு கல்லை நட்டு, குறுக்கே நெஞ்சளவு உயரத்தில் ஒரு கல்லைப் படுக்கப் போட்டார்கள். மலைமேல் ஏலக்காய்த் தோட்டங்களிலிருந்து மூட்டை சுமந்து வருகிறவர்கள் அதில் சுமையை இறக்கி மூச்சு வாங்குவார்கள். பிறகு யார் கையும் தேவைப்படாமல், குனிந்து தலையைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒருத்தன் சுமை இறங்குகிற ஒவ்வொரு தடவையும் இருளம்மாளுக்கும் கொஞ்சம் இறங்கும் என்று கணக்கு. அந்தக் கணக்கு சரியா தப்பா என்று செத்தவளைத்தான் கேட்க வேண்டும்.

கரை விழ ஆரம்பித்ததும் பாதை போயிற்று. சுமைக்காரர்கள் கரட்டு மேட்டு வழியாகச் சுற்றிப் போனார்கள். கல்லில் யாரும் சுமை வைக்கவில்லை.

கோட்டைச்சாமியும் சுமைக்காரன்தான். ஏலம் பழுக்கிற மாதங்களில் எஸ்டேட்டுக்குப் போய் மூட்டை இறக்குவான், மற்ற மாதங்களில் தோட்டச் சோலி. ஒருநாள் மத்தியானம் மலையிலிருந்து திரும்பி வரும்போது கல்லுக்கு முன்னால் தன் இரண்டாம் சம்சாரம் சந்திரவல்லி நிற்பதைப் பார்த்தான். எட்டு மாத வயிறு. தலையில் சும்மாடு. கல்லின்மேல் கூடை நிறைய மணல்.

"என்னாத்தா பண்ற?"

"இறக்கி வச்சிருக்கேன்."

"எங்கிட்டிருந்து கொண்டாந்த மணலு?"

"சுவத்துக்கு மேலருந்துதான். அங்கனதான கெடக்கு ஊருப்பட்டது."

ஓடையை மறித்த சுவர் இருந்தது ஒரு மைலுக்கு மேற்கே. அவ்வளவு தூரம் இந்த வயிற்றோடு. கோட்டைச்சாமி கூடையையும் அவள் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தான். கோபத்தில்தான் அவனுக்குப் பேச வரும்.

"கிறுக்குக் கழுத. மணலச் சுமந்து கரைய நெரப்பப் போறியாக்கும்? உன் கூடை மணலு ஓடைக்குப் பல்லிடுக்குக்குக் காணாது."

"கரைக்கு இல்ல. அக்காவுக்கு." அவள் கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒருத்தரும் வைக்கிறதில்ல இப்ப. ராத்திரி எல்லாம் என் வயிறு கனக்குதுங்க. பிள்ளக் கனம் இல்ல. அது வேற. இங்கன ஒரு கூடை இறக்கிட்டுப் போனா அன்னைக்கி மட்டும் லேசா இருக்கு."

"லேசா இருக்குதா?"

"நீங்களே தூக்கிப் பாருங்க. வைக்கிறப்ப இருந்த கனம் எடுக்கிறப்ப இருக்காது."

அவன் தூக்கிப் பார்க்கவில்லை. கூடையைக் காலால் தள்ளிவிட்டான். மணல் கல்லடியில் கொட்டியது. வீட்டுக்கு நடக்கும்போது அவள் பின்னால் வருகிறாளா என்று திரும்பிப் பார்த்தான். வந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவை கல்லைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு.

சுவர் கதை இது. மலைச்சரிவில் புதுசாக ஏலச்செடி போட்டவர்கள் பெரிய மரங்களை விட்டுவிட்டு அடிக்காட்டை வழித்தெடுத்தார்கள். பிடிமானமில்லாத மண் மழைக்கு மழை இறங்கியது. மேல்கரையில் இருக்கிற மேலச்சுனை ஊர் வயல்களெல்லாம் மணல் மூடிப்போயின. இன்னும் கீழே ஆற்றில் கட்டுகிற அணை தூர்ந்துவிடும் என்று சர்க்காருக்கும் கவலை. அதனால் மேலச்சுனைக்கு மேலே ஓடையை மறித்து ஒரு கல்சுவர் எழுப்பினார்கள். மணல் அங்கேயே நின்றது. தண்ணீர் மட்டும் வழிந்து வந்தது. அந்தச் சுவருக்குக் கல் சுமந்த கூலிகளில் கோட்டைச்சாமியும் ஒருத்தன். மேலச்சுனை சந்திரவல்லி பிறந்த ஊர். அவளைப் பெற்ற அய்யா ராமருடைய வயல்தான் முதலில் மூடியது, சுவர் வந்ததும் முதலில் விளைந்ததும் அதுதான்.

கரை விழுகிற செய்தி கேட்டு, மண் பாதுகாப்பு ஆபீசர் ஜீப்பில் வந்தார். ஊரில் அவருக்கு மண்ணாபீசர் என்று பெயர். தொப்பி, முழங்கால் வரை காக்கிக் கால்சட்டை, கையில் ஒரு குச்சி. அவரோடு கரையில் நடந்தவர்கள் கோட்டைச்சாமியும் அவன் அய்யா மொக்கச்சாமியும். மொக்கச்சாமி எந்த ஆபீசரையும் நம்பாத மனிதர். சர்வே போட வந்தவன் சங்கிலியை இழுத்துப் பிடித்து நிலத்தைக் குறைத்ததிலிருந்து அப்படி.

ஆபீசர் தரையில் குந்தி, கரைக்கு அடியில் குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சி முழுவதும் உள்ளே போயிற்று.

"கீழே குடைஞ்சிருக்கு பெரியவரே. மேலேதான் தரை மாதிரித் தெரியுது."

"சுவர் கட்டுற வரைக்கும் குடையலயே."

"ஆமா. அது எங்க வேலையாலதான்." அவர் மறைக்காமல் சொன்னதில் மொக்கச்சாமிக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. "மணலைச் சுமந்துகிட்டு வர்ற தண்ணிக்கு அந்தச் சுமையே போதும். சுமை இல்லாம வர்ற தண்ணி கரையை அரிச்சு எடுத்துக்கும். மதகு வைக்கணும்னு அப்பவே எழுதினோம். மதகு அடுத்த வருசம்னு சுவரை மட்டும் கட்டச் சொல்லிட்டாங்க."

"இப்ப என்னா பண்ணணுங்கிறீக?"

"ஓடையைத் துண்டு துண்டாப் பாத்தா இப்படித்தான். மலையில இருந்து அணை வரைக்கும் ஒண்ணாத்தான் பாக்கணும். சுவத்துல மதகு வச்சு, முதல் வெள்ளத்துக்குக் கொஞ்சம் மணலை விடணும். மேலே சரிவுல புல்லு வளர்க்கணும். கீழே கரையில வெட்டிவேரும் நாணலும் வைக்கணும், அதுக்குக் கரைக்காரங்க ஆளுக்குக் கொஞ்சம் நிலம் விடணும். ஓடைக்குள்ள யாரும் மணல் அள்ளக்கூடாது. ரெண்டு ஊரும் சம்மதிச்சாத்தான் நடக்கும்."

"நெலம் விடணுமாக்கும்," என்றார் மொக்கச்சாமி. "அங்க சுத்தி இங்க சுத்திக் கடைசில நெலத்துல வந்து நின்னுருச்சு பாத்தியா."

ஆபீசர் சுமைதாங்கிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். கல்லுக்குப் பின்னால், வீட்டுப் பக்கமாக, தரையில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. விரல் நுழைகிற அகலம்.

"இந்தக் கல்லு நிக்கிற இடம் போயிரும். இதுமேலே பாரம் எதுவும் வைக்காதீங்க. முடிஞ்சா கல்லைப் பெயர்த்து உள்ளே கொண்டு போயிருங்க."

"கல்லப் பேர்க்கக்கூடாது," என்றான் கோட்டைச்சாமி.

"ஏன்?"

"சுமந்துக்கிட்டு நிக்கிறவள எடம் மாத்துறதில்ல சார்."

ஆபீசர் கல்லைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "அப்ப வீட்டையாவது காலி பண்ணுங்க. பிள்ளைத்தாய்ச்சி இருக்காங்கன்னாங்க." அவ்வளவுதான். ஜீப்பு புழுதியைக் கிளப்பிக்கொண்டு தேவாரம் ஊர்ப் பக்கம் போயிற்று.

மறுநாளே கோட்டைச்சாமி மேலச்சுனைக்குப் போனான். இரண்டு காரியம். ஒன்று, மதகுக்கு மாமன் சம்மதிக்க வேண்டும். இரண்டு, பிரசவத்துக்கு மகளை அழைத்துப்போக வேண்டும். வளைகாப்பு முடிந்தும் சந்திரவல்லி பிறந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தாள்.

ராமர் நாற்று வயலில் மண்வெட்டியோடு நின்றார். வயல் பச்சைப் பசேலென்று கிடந்தது. வரப்பிலேயே உட்காரவைத்து, நெல்லுச்சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார்கள். ராமர் சாப்பிடவில்லை. மருமகன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதகா? ஏன் மாப்ளே, நீ சாப்புடுற சோறு எந்த மண்ணுல வெளஞ்சது தெரியுமா? இது மேல ஒரு ஆள் ஒசரத்துக்கு மணலு கெடந்துச்சு. நானும் எம் பொண்டாட்டியும் கூடை கூடையா அள்ளுனோம். இந்தச் சந்திரவல்லி பாவாடையக் கட்டிக்கிட்டு அள்ளுனா. அப்பவே அவளுக்குத் தலையில முடி நிக்காது, சும்மாடு தேஞ்சு."

"கொஞ்சம்தான் விடுறாகளாம் மாமா. மொறையா."

"கொஞ்சம்னு சொல்லித்தான் எல்லாம் வரும். ஆபீசரு மாறிப் போயிருவாரு. அடுத்து வர்றவன் மதக முழுசாத் தொறந்து விட்டுட்டுப் போடிநாயக்கனூர்ல படுத்துக் கெடப்பான். எங்கிட்ட வந்து எவன் அள்ளிக் குடுப்பான்? நீ குடுப்பியா?"

"எங்க வீடு போயிரும் மாமா."

"வீட்டத் தள்ளிக் கட்டு. வயலத் தள்ளி வைக்க முடியுமா?"

உண்மையைச் சொன்னால், அவர் சொல்வதும் சரிதான் என்று கோட்டைச்சாமிக்குத் தோன்றியது. கையைக் கழுவினான்.

"வல்லிய வந்து கூட்டிட்டுப் போங்க. எம் பேச்சக் கேக்க மாட்டேங்குறா. அந்தக் கல்லு விடமாட்டேங்குதுங்கிறா."

ராமர் மண்வெட்டிக் காம்பைக் கெட்டியாகப் பிடித்தார். "வெள்ளிக்கெழம வண்டி கட்டி வர்றேன். அவ ஆத்தா காத்துக் கெடக்கா. வரலன்னா தூக்கிப் போட்டுட்டு வருவேன், சொல்லிரு."

கோட்டைச்சாமி திரும்பி வந்தபோது வீட்டில் வேறு கூத்து நடந்திருந்தது.

மொக்கச்சாமி தன் போக்கில் யோசித்திருக்கிறார். ஆபீசர் பாரம் வைக்காதே என்றாரல்லவா? ஆபீசர் வேண்டாம் என்றால் அதில்தான் விசயம் இருக்கிறது என்பது அவர் கட்சி. கல் காலியாகக் கிடக்கிறது, இருளம்மாளுக்குச் சுமை இறங்கவில்லை, அவள் அலைகிறாள், அதுதான் ஓடையைக் கூட்டிக்கொண்டு வருகிறது. கல்லில் பாரம் ஏறினால் கல் ஊன்றி நிற்கும். கல் நின்றால் கரை நிற்கும். அவர் கரட்டுப் பாதை பிரிகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, மலையிலிருந்து வருகிற ஒவ்வொரு சுமைக்காரனையும் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்.

"அப்பு, சித்த இங்கிட்டு வந்து இறக்கிட்டுப் போங்கப்பு. எம் மருமக கல்லு. ஒரு சொம்பு மோரு தர்றேன்."

மோருக்கு மயங்காத சுமைக்காரன் யார்? வந்தார்கள். கல் கொள்ளாமல் ஏல மூட்டைகள் ஏறின. கல்லடியிலும் அடுக்கினார்கள். பச்சை ஏலக்காய் வாசனையும் வியர்வை வாசனையும் கலந்து வீடு வரை அடித்தது. சந்திரவல்லி வாசலில் நின்று பார்த்தாள். நெடுநாளைக்குப் பிறகு அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

அன்று உச்சியில் கரை விழவில்லை. மறுநாளும் விழவில்லை.

"பாத்தியாடா?" என்றார் மொக்கச்சாமி. "குச்சிய வச்சுக் குத்திப் பாத்துட்டுப் போனான் உங்க ஆபீசரு. நான் மூட்டைய வச்சுக் கட்டிப்போட்டேன்."

"அய்யா, அந்த வெடிப்பப் பாத்தீகளா?"

"வெடிப்பு எங்க இல்ல? எங் குதிகால்ல இல்லயா?"

கோட்டைச்சாமி போய்ப் பார்த்தான். விரல் நுழைந்த இடத்தில் இப்போது கை நுழைந்தது. கையை உள்ளே விட்டதும் குளிர்ந்த காற்று வெளியே வந்தது. மூச்சு விடுகிற மாதிரி, விட்டு விட்டு. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். அவன் பயந்தவன் என்று யாரும் சொல்ல முடியாது, யானை நின்ற பாதையில் மூட்டையோடு நடந்தவன். அன்றைக்குச் சட்டையில் கையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை விடியலிலிருந்து மலை தெரியவில்லை. மேகம் மூடி, சரிவு முழுக்க மழை. ஆத்துமேட்டில் ஒரு சொட்டு இல்லை, சுள்ளென்று வெயில். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் சுமைக்காரர்கள் வந்து கல்லில் மூட்டைகளை இறக்கிவிட்டு, கொஞ்சம் தள்ளிப் புளியமரத்து நிழலில் மொக்கச்சாமியின் மோருக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

"பெருசு, மோருல தண்ணி சாஸ்தி."

"ஓடையில வர்ற தண்ணிதானப்பு, தெளிவாத்தான் இருக்கும்."

சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் கோட்டைச்சாமி ஓடைப் பக்கம் பார்த்தான். ஓடை நிறைந்திருந்தது. எப்போது வந்தது என்று தெரியாது. கரை விளிம்புவரை, கண்ணாடி மாதிரி, அசைகிறதா நிற்கிறதா என்று தெரியாத தண்ணீர். கல்லுக்குப் பக்கத்தில் சந்திரவல்லி நின்றிருந்தாள். குறுக்குக்கல்லை இரண்டு கையாலும் பிடித்தபடி குனிந்திருந்தாள்.

அவன் ஓடினான். வெடிப்புக்கு இந்தப் பக்கம் கால் நின்றது. மனசில்லாத காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தான். தரை, கயிற்றுக் கட்டிலில் கால் வைத்த மாதிரி, லேசாக அமுங்கியது.

"வல்லி. வா இங்கிட்டு."

"வலி வந்துருச்சுங்க."

"சரி, கைய எடு. வெரசா வா."

"எடுக்கத்தான் பாக்குறேன். வரமாட்டேங்குது."

"பிடிச்சுக்கிட்டா வரும்? விடு, ஆத்தா."

அவள் முகத்தைத் திருப்பினாள். வலியில் உதடு வெளுத்திருந்தது. ஆனால் குரல் நிதானமாக வந்தது. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"நான் பிடிக்கலங்க. அக்கா பிடிச்சிருக்கா."

அவன் அவள் விரல்களைப் பிரித்துப் பார்த்தான். மூட்டை தூக்குகிற கை அவனுடையது. ஒரு விரலைப் பிரிக்க முடியவில்லை. விரல்கள் கல்லோடு கல்லாகக் குளிர்ந்து கிடந்தன. சுமைக்காரர்கள் ஓடிவந்து வெடிப்புக்கு வீட்டுப் பக்கமே நின்றார்கள். மொக்கச்சாமி ஒரு மூட்டையைக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஒரு ஆள் தலையில் வந்த மூட்டை. இருக்கிற இடத்தை விட்டு அசையவில்லை.

"எடுங்கடா! மூட்டைய எடுங்கடா! நான்தான் வைக்கச் சொன்னேன், நான் சொல்றேன், எடுங்கடா!" கிழவரின் குரல் சின்னப்பிள்ளை குரலாகக் கிறீச்சிட்டது.

இருவர் வெடிப்பைத் தாண்டிக் கையை நீட்டி மூட்டையைப் பிடித்தார்கள், மூன்றாவது ஆள் பிடித்தான். நெற்றி நரம்பு புடைத்தது. மூட்டை கல்லிலிருந்து முளைத்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் ராமருடைய வண்டி மேட்டில் வந்து நின்றது. அவர் மாட்டுக்கயிற்றைப் பிடித்தபடி பார்த்தார். தெளிந்த வெள்ளம். சத்தமில்லை. அதன் விளிம்பில் மகள். அவர் இறங்கவில்லை. இறங்கவேண்டும் என்பதே மறந்துபோயிற்று.

கோட்டைச்சாமி ஓடையைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்க்கவில்லை. சுமைக்காரனுக்குத் தெரிந்ததை அவன் செய்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சும்மாடு சுற்றினான். பிடரியில் வைத்தான். முழங்காலை மடித்து, குறுக்குக்கல்லுக்கு அடியில், அவள் இரண்டு கைக்கும் நடுவில், கழுத்தைக் கொடுத்தான்.

"இருளு," என்றான். செத்த நாளிலிருந்து அந்தப் பெயரை அவன் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அவளுக்குப் பிள்ள இருக்கு, விட்டுரு. நீ சுமந்தது போதும். எங்கிட்ட இறக்கு."

என்ன நடந்தது என்று சுமைக்காரர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கல் கிறீச்சென்றது என்பான் ஒருத்தன். ஒரு பொம்பளை பெருமூச்சு விட்டாள் என்பான் இன்னொருத்தன். எல்லாரும் ஒத்துச் சொல்வது ஒன்றுதான்: கோட்டைச்சாமியின் முழங்கால் ஒரு சாண் தாழ்ந்தது, சந்திரவல்லியின் கை கல்லைவிட்டு வந்தது. அவள் பின்னால் சாய, அவர்கள் கையை நீட்டி அக்குளில் பிடித்து இழுத்தார்கள். பிறகு அவனை இடுப்பு வேட்டியைப் பிடித்து இழுத்தார்கள். அவனை இழுக்க அத்தனை பேரும் தேவைப்பட்டார்கள்.

அவன் பாதம் வெடிப்பைத் தாண்டியதும் கரை போயிற்று. விழவில்லை, இறங்கியது. கல்லும் மூட்டைகளும் நின்ற வாக்கில் தண்ணீருக்குள் இறங்கிப்போயின. கிழவர் கையை நீட்டியபடி நின்றார். தெளிந்த தண்ணீருக்குள் கல் நிற்பது ஒரு கணம் நன்றாகத் தெரிந்தது, மேலே மூட்டைகளோடு. அப்புறம் தெரியவில்லை.

சந்திரவல்லியை வண்டியில் ஏற்றினார்கள். மேலச்சுனைக்குப் போய்ச் சேர்ந்த கையோடு பொம்பளைப் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். வயிறு எப்படி இருக்கிறது என்று அவள் ஆத்தா கேட்டதற்கு, "பஞ்சு மாதிரி இருக்கு," என்றாள். இருளம்மாள் பெயரைப் பிள்ளைக்கு வைக்கலாமா என்று மொக்கச்சாமி ஆள் சொல்லிவிட்டார். வேண்டாம் என்று பதில் வந்தது.

மழை ஓய்ந்து, மேலச்சுனைச் சாவடியில் இரண்டு ஊரும் கூடின. ஆபீசர் ஓடையின் வரைபடத்தை விரித்தார், காற்றுக்குப் பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வைத்தார். பேச்சு முட்டிமோதிக்கொண்டு போனது. மேலச்சுனைக்காரர்கள் மதகு கூடாது என்றார்கள். ராமர் எழுந்தார்.

"வைங்கய்யா மதக. என் வயலுதான் மொத வயலு. மணலு வந்தா நான் அள்ளுறேன். ஆனா அந்தத் தண்ணி இனிமே சத்தமில்லாம வரக்கூடாது. நான் பாத்தேன்." உட்கார்ந்துவிட்டார்.

மொக்கச்சாமி கரை நிலத்துக்குக் கைநாட்டு வைத்தார். வைத்துவிட்டு, கட்டைவிரல் மையைத் தலையில் துடைத்துக்கொண்டே ஆபீசரிடம், "மூட்டை வைக்காதேன்னு சொன்னீக. ஏன் வைக்கக்கூடாதுன்னு அடிச்சுச் சொல்லியிருக்கணும்ல?" என்றார். ஆபீசர், "சொல்லியிருக்கணும்," என்றார். கிழவருக்கு அந்த ஆளை அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை.

வீட்டைப் பிரித்து உள்ளே தள்ளிக் கட்டினார்கள். கரையில் நாணல் வைத்தார்கள். அடுத்த ஐப்பசியில் மதகு திறந்து, திருகை சுற்றுகிற சத்தத்தோடு செந்தண்ணீர் வந்தது. மேலச்சுனையில் ஒரு மூலை வயல் மூடியது, ராமர் திட்டிக்கொண்டே அள்ளினார். ஆத்துமேட்டில் கரை விழுவது நின்றது. முழுசாக நின்றது என்று சொல்ல மாட்டேன், குறைந்தது.

தண்ணீர் வற்றியதும் கோட்டைச்சாமி ஓடைக்குள் இறங்கி, கல் எங்கே என்று தேடினான். நாலு ஆள் தூக்கவேண்டிய கல். கீழே அணை வேலை நடக்கிற இடம்வரை ஆள்விட்டுக் கேட்டார்கள். கிடைக்கவில்லை.

அவன் மூட்டை தூக்குவதை விட்டுவிட்டான். தலையில் எதை வைத்தாலும் முழங்கால் மடங்கியது. வைத்தியன் கழுத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றுமில்லை என்றான். மேலே சரிவில் புல் நடுகிற சோலிக்குப் போனான். நடக்கும்போது தலையை நிமிர்த்தாமல், காலைப் பார்த்துப் பதித்து, ஏற்றத்தில் மூச்சை அடக்கி, இறக்கத்தில் விட்டு நடந்தான்.

தை மாதம் ஒருநாள் சந்திரவல்லி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனோடு மலைக்குப் போனாள். பாதை குறுகல், ஒரு பக்கம் சரிவு, ஒரு பக்கம் முள். மேலேயிருந்து ஏல மூட்டையோடு ஆட்கள் வரிசையாக இறங்கினார்கள். எல்லாரும் எல்லைக்கு அந்தப் பக்கத்து மலையாளத்து ஆட்கள், இவனை முன்னே பின்னே பார்த்திராதவர்கள். மலைப்பாதையில் ஒரு முறை உண்டு. வெறுங்கையன் சுமைக்காரனுக்கு ஒதுங்குவான். இரண்டு பேரும் சுமைக்காரர்கள் என்றால் கனம் குறைந்தவன் கனம் கூடினவனுக்கு ஒதுங்குவான்.

முன்னால் வந்தவன் கோட்டைச்சாமியைப் பார்த்தான். பார்த்ததும் மூட்டையோடு முள்ளுக்குள் கால் வைத்து ஒதுங்கினான். அவனுக்குப் பின்னால் வந்தவனும் ஒதுங்கினான். வரிசை முழுக்க ஒதுங்கி நின்றது.

"போய்க்கோ சேட்டா," என்றான் முதலாமவன், மரியாதையாக.

கோட்டைச்சாமி வெறுங்கையோடு அவர்களைத் தாண்டிப் போனான். சந்திரவல்லி பின்னால் நடந்தாள். திருப்பத்தில் அவன் பாறையைப் பிடித்து நின்று மூச்சு வாங்கியபோது, பக்கத்தில் வந்து நின்றாள். அவன் கழுத்து நரம்பையே பார்த்தாள்.

"கொஞ்ச தூரத்துக்கு எங்கிட்டக் குடுங்களேன்," என்றாள். "நான் வாங்கிக்கிறேன்."

அவன் தலையை அசைக்க முடியாமல் கையை மட்டும் அசைத்தான்.

"வேணாம். நீ பிள்ளய ஒழுங்காப் பிடி," என்றான். மறுபடி அடுத்த எட்டைப் பார்த்து வைத்தான்.